அப்பா போட்ட இருபது கிலோ

எங்கள் ஊரில் விமானம் ஏறியவர் ஒருவரும் இல்லாத காலத்தில், விமான விதிகள் தெரியாதவரும் ஒருவரும் இல்லை. எண்பதுகளின் நடுவில், கல்யாணமாகி இரண்டு வருடம் கழித்து, என் வீட்டுக்காரர் இருக்கும் சார்ஜாவுக்கு நான் போகப்போகிறேன் என்ற சேதி தர்மபுரிக் கடைத்தெருவில் பரவியது. அன்று சாயங்காலமே சட்டம் சொல்ல ஆட்கள் வந்துவிட்டார்கள்.

சேலம் பஸ்ஸில் கண்டக்டராக இருந்த பக்கத்து வீட்டுக்காரர், "சேலையில ஊக்கு குத்தியிருந்தாக்கூட எறக்கி வுட்டுருவாங்க" என்றார். தொப்பூர் மலையில் டிக்கெட் எடுக்காதவர்களை இறக்கிவிட்ட அனுபவம் அவருக்கு உண்டு. அதை அப்படியே வானத்துக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் வைத்திருந்தவர், தங்கம் மேலே போகப் போக எடை கூடும் என்றும், அதனால் கம்மலோடு நிறுத்திக்கொள்வது நல்லது என்றும் ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுத் தமிழிலும் சொன்னார். எதிர்வீட்டு அம்மாள் மட்டும் விஷயத்தோடு வந்தாள். எவனோ பொம்மைத் துப்பாக்கியைக் காட்டி விமானத்தைக் கடத்திவிட்டானாம், அதிலிருந்து பொம்மை என்றாலே பிடுங்கி வைத்துக்கொள்கிறார்களாம். "உனக்கென்ன, பொம்மை கொண்டுபோற வேலையில்ல" என்று என் வயிற்றைப் பார்த்துக்கொண்டே முடித்தாள். புருஷன் கடல்தாண்டி இருக்கும்போது பிள்ளை தபாலில் வருமா என்று கேட்க வாய்வரை வந்தது. அம்மா கண்ணைக் காட்டினாள், விழுங்கிக்கொண்டேன்.

என் வீட்டுக்காரர் கல்யாணமாகி நாற்பது நாள் என்னோடு இருந்தார். அப்புறம் இரண்டு வருடம் கடிதத்தில் இருந்தார். அங்கே ஒரு கட்டிட கம்பெனியில் வரைபடம் போடும் வேலை. குடும்பத்தோடு தங்க இடம் கொடுக்கிறார்கள் என்று எழுதி, கடைசியில் விசாவும் அனுப்பிவிட்டார். அதில் ஒரு சிக்கல். மாதக் கடைசிக்குள் நான் அங்கே இறங்காவிட்டால் விசா செல்லாது. மறுபடி வாங்க இன்னும் ஒரு வருடம் ஆனாலும் ஆகும். டிக்கெட் கிடைத்ததோ கடைசி நாளுக்கு முந்தின நாளுக்குத்தான். அந்த விமானத்தை விட்டால் நான் தர்மபுரியிலேயே வாழாவெட்டி என்ற பட்டத்தோடு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். பட்டம் கொடுக்க எதிர்வீடு தயாராக இருந்தது.

கடிதத்தின் இரண்டாம் பக்கம் முழுக்க விதிகள். பெட்டி இருபது கிலோ, பெட்டியின் எடையும் சேர்த்து. கைப்பை ஐந்து கிலோ. கைப்பையில் கத்தி, கத்தரிக்கோல், பாக்குவெட்டி கூடாது. பேட்டரி செல் கூடாது. கேட்டால் மட்டும் பேசு, கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லாதே. இவ்வளவும் சர்க்கார் உத்தரவு மாதிரி எழுதிவிட்டு, கடைசி வரியில் மனுஷனாகியிருந்தார்: "முடிந்தால் இரண்டு கிலோ ராகி மாவு கொண்டுவா. களி தின்று இரண்டு வருஷம் ஆகிறது." என்னைப் பார்த்தும் இரண்டு வருஷம்தான் ஆகிறது. அது எழுத மறந்துபோயிருக்கும்.

பாப்பாரப்பட்டியில் இருந்த என் மாமியார் சொந்தக் காட்டு ராகியை அரைத்து, சலித்து, இரண்டு கிலோ கட்டிக் கொடுத்தனுப்பினார். கூடவே களி கிண்டும் துடுப்பு ஒன்று. முழங்கையிலிருந்து விரல்நுனிவரை நீளம், புளியமரத்துக் கட்டை, எவனையாவது அடித்தால் எழுந்திருக்க மாட்டான். "அந்த ஊர்க் கரண்டியில கிண்டுனா கட்டி கட்டியா நிக்கும். எம் பையன் கட்டிக் களி திங்க மாட்டான்" என்று சொல்லியனுப்பியிருந்தார். துடுப்பைப் பெட்டிக்குள் எப்படி வைத்தாலும் மூடியைச் சாத்த முடியவில்லை. கைப்பையில், தலை வெளியே நீட்டிக்கொண்டிருக்க வைத்தோம். விதிகளில் கத்தி கூடாது என்றுதான் இருந்தது, களித் துடுப்பைப் பற்றி ஒன்றும் இல்லை.

எடை விஷயத்தை அப்பா எடுத்துக்கொண்டார். அவருக்குப் புளி மண்டி. வத்தல்மலையிலிருந்தும் சுற்றுப்பட்ட ஊர்களிலிருந்தும் மூட்டை மூட்டையாகப் புளி வரும், அதை வாங்கி லாரி ஏற்றி அனுப்புவார். மண்டியில் எடைக்கற்கள் இரண்டு வரிசை உண்டு. வாசலோரம், மலைக்காரர்களின் மூட்டையை நிறுக்கும் தராசுக்குக் கீழே ஒரு வரிசை. உள்ளே, லாரிக்கு நிறுத்து ஏற்றும் இடத்தில் இன்னொரு வரிசை. எதற்கு இரண்டு என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். "இரும்புக் கல்லைத் தூக்கிட்டு இங்கயும் அங்கயும் நடக்க முடியுமா, கண்ணு? இடுப்பு போயிரும்" என்றார். நியாயமாகத்தான் பட்டது.

தராசு விஷயத்தில் அப்பாவை யாரும் எதிர்த்துப் பேசி நான் பார்த்ததில்லை. வருடத்துக்கு ஒரு மலைக்காரர் மட்டும் தலையைச் சொறிந்துகொண்டு நிற்பார். "வூட்டாண்ட நிறுத்தப்ப நாப்பத்திநாலு இருந்துச்சுங்க. இங்க நாப்பதுன்னு சொல்றீங்க." அப்பா கோபப்படவே மாட்டார். "மலையில ஈரக் காத்து. கீழ எறங்கி வர்றதுக்குள்ள புளி காஞ்சிருது. நான் என்ன பண்ணட்டும்?" என்பார். டீ வாங்கிக் கொடுப்பார். அவரும் மலையின் ஈரக் காற்றை நொந்துகொண்டு குடித்துவிட்டுப் போவார்.

என் பெட்டியை வாசல் தராசில் ஏற்றினார்கள். முதலில் அப்பாவுக்கும் எனக்கும் சண்டை வந்தது. மண்டி வழக்கப்படி சாக்கின் எடையைக் கழிக்க வேண்டும், அதனால் பெட்டியின் எடையை விமானக்காரன் கழித்தே ஆகவேண்டும் என்றார் அவர். நான் கடிதத்தை விரித்துக் காட்டினேன். "பெட்டியின் எடையும் சேர்த்து" என்ற வரியை மூன்று தடவை படித்தார். "இது என்ன நாயம்? சாக்கையா திங்கறோம்?" என்றார். கடைசியில் மாப்பிள்ளை எழுத்து என்பதால் ஒப்புக்கொண்டார். சேலையை எடுத்து, வைத்து, ஊறுகாய் ஜாடியை எடுத்து, அம்மா அழுது, மறுபடி பாதி ஊறுகாயை வைத்து, தராசு முள் நேரே நின்றது. பெட்டி இருபது. கைப்பை ஐந்து. ஒரு மிளகாய் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. மண்டியில் இருந்தவர்களெல்லாம் பார்த்தார்கள். "எவன் தராசுல வேணா வெச்சுப் பாரு. அசையாது" என்றார் அப்பா. எனக்குப் பெருமையாக இருந்தது. அதை இப்போது மறைத்து என்ன பயன்?

மொரப்பூரில் ரயில் ஏறி மெட்ராஸ் போனோம், அப்பாவும் நானும். அவர் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு, கையில் ஒரு மஞ்சப்பை. மஞ்சப்பைக்குள் என்ன என்று கேட்டேன். "இருக்கட்டும், தேவைப்படும்" என்றார். தோசை என்று நினைத்துக்கொண்டேன்.

விமான நிலையத்தில் வழியனுப்புகிறவர்களும் சீட்டு வாங்கினால் கூடம்வரை வரலாம். அப்பாவும் வந்தார். எங்கள் முறை வந்தது. பெட்டியைத் தராசில் வைத்தேன். வட்ட முகத்தில் முள் ஓடி நின்றது. கவுன்ட்டரில் இருந்த பையன் நிமிராமலே, "இருபத்திரெண்டு. ரெண்டு கிலோ எடுத்துடுங்க" என்றான்.

அப்பா சிரித்தார். கோபம் வந்தால் அவர் முதலில் சிரிப்பார். "தம்பி, உங்க தராசு சரியில்லீங்க."

"தராசு சரியாத்தான் சார் இருக்கு."

"நான் முப்பது வருசமா தராசு புடிக்கறவன். தர்மபுரியில இருபதாப் போட்டுட்டு வந்தேன். இங்க எப்படி ரெண்டு கிலோ கூடும்?"

பையனுக்கு நல்ல பொறுமை. "வர்ற வழியில பெட்டி ஈரக் காத்துல ஊறியிருக்கும் சார்" என்றான். கடற்கரை ஊர்க்காரன், அவனுக்குத் தெரிந்த காற்று அது.

அந்தப் பதிலைக் கேட்டு அப்பா ஒரு நிமிஷம் அசந்துபோனார். எங்கோ கேட்ட குரல் மாதிரி இருந்திருக்க வேண்டும். அப்புறம் மஞ்சப்பைக்குள் கையை விட்டு ஒரு கிலோ எடைக்கல்லை எடுத்து மேஜைமேல் டொக்கென்று வைத்தார். தோசை இல்லை. மொரப்பூரிலிருந்து ரயிலில், மடியில் குழந்தை மாதிரி வைத்துக்கொண்டு வந்தது இதைத்தான். "கவர்மென்ட்டு முத்திரை போட்ட கல்லு. இதை வெச்சு உங்க தராசச் சோதிங்க. அப்பத் தெரியும் எது பொய்னு."

பின்னால் வரிசையில் இருந்தவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். பையன் கல்லைத் தொடக்கூட இல்லை. "சார், நூறு கிலோ காட்டற தராசு இது. உங்க ஒரு கிலோவுக்கு முள்ளே அசையாது. பொட்டிய எடுக்கறீங்களா, அடுத்தவங்களைக் கூப்பிடட்டுமா?"

நான் அங்கேயே தரையில் உட்கார்ந்து பெட்டியைத் திறந்தேன். எதை எடுப்பது? சேலைகளை எடுத்தால் அம்மா அழுவாள், ஊறுகாயை எடுத்தால் அது யார் சட்டைமேல் கொட்டுமோ. சரியாக இரண்டு கிலோவாக, தனியாகக் கட்டி, கையை நீட்டி அழைத்தது ராகி மாவுதான். எடுத்து அப்பாவிடம் கொடுத்தேன். என் வீட்டுக்காரர் கேட்ட ஒரே பொருள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அப்பா மாவை மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு, "ஊரையே ஏமாத்தறானுங்க. கோட்டுப் போட்டுக்கிட்டு ஏமாத்தறானுங்க" என்று உரக்கச் சொன்னார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அந்தப் பையனை மனசுக்குள் திட்டிக்கொண்டே பெட்டியைப் பூட்டினேன்.

சோதனைக்குப் போகும் கதவுக்கு அப்பால் அப்பா வர முடியாது. அங்கே நின்று என் கைப்பையின் வாரை இழுத்துச் சரிசெய்தார், திறந்து பார்த்தார், மூடினார். "அங்க எவனையும் நம்பாத, கண்ணு. எது வாங்கினாலும் நிறுத்து வாங்கு" என்றார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நானும் அழுதுகொண்டிருந்ததால் பை கனத்திருப்பது தெரியவில்லை.

பெண்களுக்குத் திரை போட்ட ஒரு சின்ன அறை. உள்ளே ஒரு பெண் போலீஸ், என்னைவிடப் பத்து வயது மூத்தவராக இருக்கலாம். முதலில் என் உடம்பைத் தடவிப் பார்த்தார். கல்யாணமான நாற்பது நாளுக்குப் பிறகு என்னை இவ்வளவு அக்கறையாகத் தொட்டவர் அவர்தான். அப்புறம் பையை எடுத்தார்.

முதலில், அம்மா வழிக்கு என்று செருகியிருந்த டார்ச் வந்தது. செல்லைக் கழற்றிக் கூடையில் போட்டுவிட்டு டார்ச்சைத் திருப்பிக் கொடுத்தார். வெளிச்சத்தைத்தான் கொண்டுபோகக் கூடாது, டார்ச்சைக் கொண்டுபோகலாம் என்று தெரிந்துகொண்டேன். அடுத்து துடுப்பு.

"இன்னாம்மா இது, உலக்கையா?"

"களி கிண்டறதுங்க."

காவல் துறைக்குக் களி என்றால் நினைவுக்கு வரும் இடம் ஒன்றுதான். அவர் முகம் ஒரு கணம் இறுகி, பிறகு தளர்ந்தது. "எந்த ஊரு?"

"தர்மபுரிங்க."

"நான் செங்கம் பக்கம். எங்கூட்லயும் இருக்குது இதுமாதிரி" என்று துடுப்பைக் கையில் சுழற்றிப் பார்த்தார். உள்ளே கையில் வைத்துக்கொள்ள முடியாது, சீட்டுக் கட்டி விமானத்தில் வேலை செய்கிறவர்களிடம் கொடுத்துவிடுவோம், இறங்கும்போது வாங்கிக்கொள் என்றார். எனக்கு உயிர் வந்தது. சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி இருந்தது.

மறுபடி பைக்குள் கைவிட்டவர் அப்படியே நின்றார். வெளியே எடுத்தபோது அவர் கையில் அப்பாவின் எடைக்கல். வாரைச் சரிசெய்கிற சாக்கில் அப்பா அதை உள்ளே வைத்திருக்கிறார். "யார் மண்டைய ஒடைக்க?" என்று கேட்டார் போலீஸ். குரலில் ஊர்ப்பாசம் போயிருந்தது.

அப்பா வைத்துவிட்டார், எனக்குத் தெரியாது, அங்கே சாமான் நிறுத்து வாங்குவதற்காக என்று உளறினேன். கேட்காத கேள்விக்கெல்லாம் பதில் சொன்னேன். அவர் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. கல்லை உள்ளங்கையில் வைத்து, கையை மேலும் கீழும் அசைத்துப் பார்த்தார். முகம் மாறியது. கல்லைக் கவிழ்த்தார்.

எல்லா எடைக்கல்லின் அடியிலும் ஒரு சின்னப் பள்ளம் இருக்கும். அதில் எட்டணா அளவுக்கு ஈயம் ஊற்றி, அதன்மேல் சர்க்கார் முத்திரை குத்தியிருப்பார்கள். இந்தக் கல்லிலும் முத்திரை இருந்தது. ஆனால் முத்திரையைச் சுற்றி, விளிம்புவரை பள்ளம் முழுக்க ஈயம். பிற்பாடு யாரோ பக்குவமாக ஊற்றி, தேய்த்து, கரி பூசியிருந்தார்கள். கரி விலகிய இடத்தில் பளபளவென்று இருந்தது.

"இது ஒரு கிலோ இல்லம்மா" என்றார். "இன்னும் நூறு கிராம் கூட இருக்கும். எங்கப்பா மல்லாட்டை மூட்டைய எடுத்துக்கினு போற மண்டியில இதுமாதிரி ஒண்ணு இருந்துச்சு. ஒருநாள் கீழ வுழுந்து பொரண்டுச்சு. அன்னிக்குத்தான் பார்த்தோம். அதுவரைக்கும் எங்காட்டு மல்லாட்டைதான் சோடைன்னு எங்கப்பா நெனச்சிக்கினு இருந்தாரு." அப்புறம் கேட்டார். "உங்கப்பா இன்னா பண்றாரு?"

"மண்டிங்க."

"இன்னா மண்டி?"

"புளிங்க."

நான் கணக்கில் கெட்டி இல்லை, ஆனால் இது பெரிய கணக்கும் இல்லை. வாசல் தராசில் பத்துக்கு ஒன்று கூடினால் இருபது இருபத்திரண்டாகும். நாற்பத்திநாலு நாற்பதாகும். மலையில் ஈரக் காற்றும் இல்லை, மெட்ராஸில் ஈரக் காற்றும் இல்லை. வாசல் பக்கம் எது வந்தாலும் வாசல் கல்லில் நிறுத்துப் பழகிய கை, மகளின் பெட்டியையும் அதே கல்லில் நிறுத்துவிட்டது. மறந்துதான் செய்திருப்பார். தெரிந்திருந்தால் அதையே தூக்கிக்கொண்டு வந்து கவுன்ட்டரில் வைத்துச் சவால் விடுவாரா? சொன்ன பொய்யை அவரே நம்புகிற அளவுக்கு முப்பது வருடம் ஆகியிருந்தது.

வெட்கத்தில் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அப்பாமேல் கோபம் வந்தது. அந்தக் கோபத்தைக் கொண்டுபோய் வைக்க இடம் தெரியவில்லை. நான் பி.யூ.சி. படித்தது அந்த நூறு கிராமில்தான். காதில் இருந்த கம்மல் அதுதான், கையில் இருந்த டிக்கெட்டும் அதுதான். என் பெட்டியில் இருந்த இருபது கிலோவும் யாரோ மலைக்காரர் டீ குடித்துவிட்டு விட்டுப்போனதுதான்.

வெளியே ஒலிபெருக்கியில் என் விமானத்துக்குக் கடைசி அழைப்பு சொன்னார்கள். இந்த அம்மா இப்போது மேலதிகாரியைக் கூப்பிட்டால், இரும்புக் கல்லைப் பற்றி நான்கு கேள்வி கேட்டால், விமானம் போய்விடும், விசா போய்விடும். அந்த நிலக்கடலை மூட்டைக்குப் பழிவாங்க இதைவிட நல்ல சமயம் அவருக்கு வாய்க்காது. "அம்மா, இதை வுட்டா எனக்கு வேற விமானம் இல்லீங்க. ரெண்டு வருசமாகுது அவரைப் பார்த்து" என்றேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன்.

அவர் என்னையும் கல்லையும் மாறி மாறிப் பார்த்தார். "அழுவாத. நீயா ஊத்துன?" என்றார். பையின் சீட்டை எடுத்து முத்திரை குத்தினார். "இதை உள்ள வுட முடியாது. உங்கப்பா வெளியதான நிக்கறாரு? கூப்புட்டுக் குடுத்துடட்டுமா, இல்ல இந்தப் பெட்டியில போட்டுடட்டுமா?"

மூலையில் ஒரு மரப்பெட்டி. பேனாக்கத்தி, பாக்குவெட்டி, கத்தரிக்கோல் எல்லாம் கிடந்தன. திரை இடுக்கில், சோதனைக் கதவின் கண்ணாடி வழியாக அப்பா தெரிந்தார். மஞ்சப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு, குதிகாலை உயர்த்தி என்னைத் தேடிக்கொண்டிருந்தார்.

"பெட்டியில போட்டுருங்க" என்றேன். "அவருகிட்ட இன்னும் இருக்குதுங்க."

கல் விழுந்த சத்தத்துக்கு வெளியே இருந்த போலீஸ்காரர் திரையை விலக்கி எட்டிப் பார்த்தார். நான் ஓடினேன். அப்பாவுக்குக் கைகாட்டக் கூடத் திரும்பவில்லை. நேரமில்லை என்று அப்புறம் கடிதத்தில் எழுதினேன்.

சார்ஜாவில் இறங்கும்போது சீட்டுக் கட்டிய துடுப்பைப் பத்திரமாகக் கொடுத்தார்கள். அதைக் கையில் பிடித்துக்கொண்டு நான் வெளியே வந்ததைப் பார்த்து என் வீட்டுக்காரர் சிரித்த சிரிப்பை இன்னும் மறக்கவில்லை. இரண்டு வருடக் கூச்சம் அந்தச் சிரிப்பில் போயிற்று. வீட்டுக்குப் போனதும் அவரே பெட்டியைத் திறந்தார். சேலைகளுக்கு அடியில் தேடினார். ஊறுகாயைத் தூக்கிப் பார்த்தார்.

"துடுப்பு வந்திருக்குது, மாவு எங்க?"

"எடை கூடிப்போச்சுங்க. மெட்ராஸ்லயே எடுத்துட்டேன்."

அவருக்கு முகம் விழுந்துவிட்டது. குழந்தை மாதிரி துடுப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மாமாதான நிறுத்தாரு? அவரு போட்டா கூடாதே" என்றார். மாமனாரின் தராசைப் பற்றி அவருக்கு அவ்வளவு மரியாதை.

சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன்.

"அப்பா சரியாத்தாங்க போட்டாரு" என்றேன். "அந்த ஏர்போர்ட்டுத் தராசுதான் சரியில்ல."